உள்ளங்கை

அவன் தூக்கி இறக்கிவிட்ட கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டது.

அவன் மனைவி கில்டா ஓடிவந்தாள். பிள்ளை உடம்பில் ஜட்டி மட்டும். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் செக்கச்செவேலென்று தடிப்பு.

எறும்பு என்றாள். பாயை எடுத்து உதறினாள்.

அவன் குனிந்து பார்த்தான். எறும்பு புள்ளி புள்ளியாகக் கடிக்கும். இது பாசிமணி கோத்த மாதிரி வரிவரியாக ஓடியது. இருபது வருஷமாகக் கடலாட்களின் கழுத்திலும் தொடையிலும் பார்த்த தடம்.

சொறி. கண்ணாடிக் குடைபோல் கடலில் மிதந்து, விஷ நூல் பட்ட இடமெல்லாம் சுடுமே, அந்தச் சனியன்.

மூன்று நாளாகச் சளி, பிள்ளை வாசலைத் தாண்டவில்லை, கடல் என்ன வீட்டுக்குள்ளா வந்தது என்று கில்டா கேட்டாள்.

அவன் தடங்களை எண்ணினான். ஒரு விலாவில் நாலு தடம். மறு விலாவில் நாலு.

அவன் பிடித்துத் தூக்கிய இடம்.

காலையெல்லாம் வலையில் மீனைவிடச் சொறிதான் அதிகம். வெறுங்கையால் வாரி எறிந்தான். கயிறு இழுத்துக் காய்த்த கை. ஒன்றும் உறைக்கவில்லை. கடல்தண்ணீரில் அலசி, கைலியில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

கில்டா குடத்துத் தண்ணீரோடு வந்தாள். தடுத்தான். நல்ல தண்ணீர் பட்டால் விஷம் இன்னும் இறங்கும். தேய்க்கவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு வைத்திருந்த வினிகரை ஊற்றச் சொன்னான்.

அவன் தொடவில்லை.

உதடு நீலம் பாரிக்கிறதா, மூச்சு இழுக்கிறதா என்று பார்த்தான். இல்லை. இருந்தாலும் பக்கத்து வீட்டு ஆட்டோவை வாசலில் நிறுத்திவைத்தான்.

அடுத்து வெந்நீர் ஒத்தடம். பிள்ளை தாங்குகிற சூடு. சட்டிக்குள் கையைவிட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது, துணியை நனை என்றான்.

கில்டா முழங்கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள்.

"இந்தக் கைய நம்பியா பிள்ளைய வேகவைக்கச் சொல்லுதிய?"

அவள் ஆற்றி ஆற்றி ஒற்றினாள். அரை மணியில் அழுகை விசும்பலானது. பிறகு அதுவும் நின்றது.

அவன் கொல்லைக்குப் போனான். மிச்ச வினிகரை இரண்டு கையிலும் கவிழ்த்தான். சோப்புப் போட்டான். மறுபடியும் போட்டான். உள்ளங்கையை வெயிலில் திருப்பிப் பார்த்தான். பார்த்துக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

திரும்பினால் பிள்ளை நிற்கிறது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

அவன் குனியவில்லை. வலது உள்ளங்கையைத் தன் இடது புஜத்தின் உள்பக்கம் வைத்து அழுத்தித் தேய்த்தான். அங்கேதான் அவனுக்கு இன்னும் காய்க்காத, உறைக்கிற தோல் மிச்சம்.

சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.