ராஜபுத்திரத் தலைப்பாகை

“ஹெல்மெட் போடாம குதிரையில வந்தா மாலை போடவே மாட்டேன்னு சொல்லிட்டா, காகோசா.”

மணமகன் பன்வர் தன் சிற்றப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். மணப்பெண் கேசர், ஜோத்பூரில் தலைக்காய மருத்துவர்.

சிற்றப்பா சோராவர் சிங் மீசையை முறுக்கினார். “பொண்டாட்டி வர்றதுக்கு முன்னாடியே பயந்து சாகுறியேடா. ராஜபுத்திரன் தலையில தலைப்பாகைதான் ஏறும். நீ ஹெல்மெட் மாட்டுனா, நான் ஊர்வலத்துக்கே வரமாட்டேன்.”

பன்வர் தலைப்பாகை கட்டுபவரின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான். அவன் வெளியே வந்தபின் சிற்றப்பாவும் தனியே உள்ளே சென்று தலைப்பாகை கட்டிக்கொண்டார்.

ஊர்வலம் பெண்வீட்டு வாசலை அடைந்தபோது, வெடிச்சத்தத்தில் சிற்றப்பாவின் குதிரை மிரண்டது. அவர் கற்படியில் தலைகுப்புற விழுந்தார். ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்டது.

கேசர் மணக்கோலத்தோடு ஓடிவந்து, அவருடைய தலைப்பாகையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். உள்ளே தலைக்கவசம் இருந்தது.

“எம் பொண்டாட்டி விடலம்மா,” என்று முனகினார் அவர். “அவகிட்ட இந்த வீரப்பேச்செல்லாம் எடுபடாது.”

கேசர் நிமிர்ந்து, குதிரைமேலிருந்த மணமகனை முறைத்தாள்.

பன்வர் சிற்றப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு தன் தலைப்பாகையை விரலால் மெல்லத் தட்டினான்.

‘டக்.’