இரண்டாவது வீட்டில் நின்ற சுற்றறிக்கை

வாய்க்கால் கரையில் இரண்டே பேர்.

அவளும், ஊர்ச் சங்கத் தலைவர் குவாபாரா சானும்.

காலை மணி ஐந்து. அவள் மண்வெட்டியில் கடைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. கம்பூட்ஸ் புதிது. டோக்கியோவிலிருந்து இந்த மலைக் கிராமத்துக்கு வந்து இரண்டு மாதம். காலியாகக் கிடந்த வீட்டை ஆறு மாதத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அதன்பிறகு இருக்கலாமா, கிளம்பணுமா என்பதைச் சங்கம் சொல்லும்.

தலைவர் கையில் ஒலிபெருக்கி.

பத்து நிமிடம் பார்த்தார். யாரும் வரவில்லை. பேசத் தயாரித்து வந்துவிட்டதால் பேசினார். ஒற்றுமை, முன்னோர் வெட்டிய வாய்க்கால், வியர்வை. இரண்டடி தள்ளி நின்ற அவளுக்கு, ஒலிபெருக்கியில்.

அவள் கைதட்டினாள்.

பிறகுதான் கேட்டார், சுற்றறிக்கை எந்த வீட்டில் நிற்கிறது என்று.

அவள் வீட்டில்தான் நின்றது.

பரீட்சை அட்டையில் செருகி வந்த காகிதம் அது. கீழே பதினொரு வீட்டுப் பெயர்கள், பக்கத்தில் முத்திரைக்குக் கட்டம். தலைவர் வீடு முதல். அவள் வீடு இரண்டாவது. படித்து, முத்திரை குத்தி, அன்றைக்கே அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும்.

அவளோ தன்னை வரவேற்று எழுதிய கடிதம் என்று நினைத்துவிட்டாள். முதல் எட்டு வரிகள் அப்படித்தான் இருந்தன. ஒன்பதாவது வரியில்தான் வாய்க்கால் வந்தது. அலமாரி மேல் சாய்த்து வைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பூரித்தாள். பதினாறு நாள்.

மீதி ஒன்பது வீட்டுக்கும் இன்று தூர்வாரும் நாள் என்பதே தெரியாது.

"ஒவ்வொரு வீடாப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்றார் தலைவர்.

எட்டு மணிக்குப் போனாள்.

முதல் வீட்டில் வெங்காயம் பயிரிடும் ஒகுரா சான் கதவைத் திறந்தார். கன்னத்தில் தலையணையின் மடிப்பு. அவள் இடுப்பு வரை குனிந்து, எழும்பாத குரலில் மன்னிப்புக் கேட்டாள்.

அவர் எட்டித் தெருவைப் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷத்துல, ஞாயித்துக்கிழமை எட்டு மணி வரைக்கும் தூங்கினது இன்னிக்குத்தாம்மா. மன்னிப்பைக் கொஞ்சம் சத்தமாக் கேளு. தலைவர் வீட்டுக்குக் கேக்கட்டும்."

சத்தமாகக் கேட்டாள். அவர் அதைவிடச் சத்தமாகத் திட்டினார். திட்டிக்கொண்டே ஆறு வெங்காயத்தை அவள் பையில் போட்டார்.

அடுத்த வீட்டில் திட்டும் முட்டைக்கோஸும்.

அதற்கடுத்த வீட்டில் ஒரு அம்மாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே கிடையாது என்று தெரு அதிரக் கத்தினாள். கண்ணடித்தாள். பூசணிக்காயைத் தூக்கிக் கொடுத்தாள்.

ஒன்பதாவது வீட்டைத் தாண்டும்போது பை கனத்து ஒரு தோள் இறங்கிவிட்டது. சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு.

கடைசியாகத் தலைவர் வீடு.

இங்கே சிரிப்பு வரவில்லை. பையை வேலியோரம் மறைத்துவிட்டு, மறுபடி குனிந்தாள்.

பொறுப்பு என்றால் என்ன என்று அவர் கால்மணி நேரம் விளக்கினார். அவர் உள்ளே திரும்பியபோது, முதுகுவலிக்கு ஒட்டிய பிளாஸ்திரி சட்டைக்குக் கீழே எட்டிப் பார்த்தது.

கதவைச் சாத்தினார்.

திரும்ப ஒரு சாண் திறந்தார்.

"அடுத்த மாசம் மலைச்சரிவுல புல்லு வெட்டணும். சுற்றறிக்கை செவ்வாய்க்கிழமை உங்க கைக்கு வந்துடும்."

நிலைப்படியைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஒண்ணும் அவசரமில்ல."