எட்டு சிலிண்டர்

மனிதனுக்கு முகம் எப்படியோ, காருக்கு எஞ்சின் மூடி அப்படி என்பார் என் மாமனார். உண்மையில் அது கையால் இழுத்தாலே கழன்றுவரும் பிளாஸ்டிக். எங்கள் மூன்று சிலிண்டர் காரில் அதற்குச் சிவப்பு அடித்து, தங்க எழுத்தில் ‘எட்டு சிலிண்டர்’ என்று எழுதியிருந்தார்.

என் அப்பா வந்து பானெட்டைத் திறந்தார். “மூடியக் கழட்டுங்க சம்பந்தி, எண்ணிப் பாத்துடுவோம்.”

“சூடா இருக்கும் சம்பந்தி.”

“இன்னிக்கு வண்டியே எடுக்கலையே?”

மாமனாரின் மானம் போகப்போகிறதென்று நான் தரையைப் பார்த்தேன். அப்பாவே கழற்றி எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

“எட்டுதான். தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க.”

மாமனார் எட்டிப் பார்த்தார். அவரும் விரல்விட்டு எண்ணினார்; எட்டுதான்.

மறுநாள் அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு ‘மூன்று’ என்று எழுதினார். மூடியைக் கழற்றிப் பார்க்க இன்னும் துணிவு வரவில்லை. வேலைக்குப் பஸ்ஸில் போகிறார்.