லஸ் முனையில் ஏழாவது பேச்சாளர்

“பேசினவன்லாம் ஜெயில்ல கீறான். எழுதினவன் மட்டும் குண்டாயிக்கினே போறான்.”

பின்னால் யாரோ சொன்னார்கள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கெங்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்குப் பேசப்போவது அவள் புருஷன்.

மேடைக்குக் கீழே, கூட்டத்தாரே போட்டுக் கொடுத்த மேஜையில், லாந்தர் வெளிச்சத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார் பாண்டுரங்கன். வெள்ளைக்காரச் சர்க்காருக்காக மேடைப் பேச்சை எழுதியெடுக்கும் போலீஸ் சுருக்கெழுத்துக்காரர்.

இந்த வருஷம் லஸ் முனையில் பேசிய ஆறு பேரும் ஒரே வாக்கியத்தில்தான் மாட்டினார்கள். அது பாண்டுரங்கன் நோட்டில் ஏறினால் ஒரு வருஷம் ஜெயில் நிச்சயம். கெங்கம்மாவுக்கோ இது எட்டாம் மாதம்.

அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடச் சொல்லிப் புருஷனிடம் காலையிலிருந்து கெஞ்சியாயிற்று. அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் மாசிலாமணி, ஒரு வரிகூட விட்டுப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் எதிர்க்கடைக்குச் சோடா குடிக்கப் போனதும் அவள் மேஜையருகே வந்து நின்றாள்.

“புள்ள பொறந்து அழுதா, அதையும் எழுதிக்கினு போவியா, நைனா?”

பாண்டுரங்கன் நிமிராமல் பென்சில் முனையை ஊதினார்.

மாசிலாமணி நன்றாகத்தான் பேசினான். “ஆகையால், மகாஜனங்களே...” என்றவன், மேஜையருகே அவள் நிற்பதைப் பார்த்தான். அதற்குமேல் வாய் எழவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தான். தண்ணீர் குடித்தான். மறுபடி துடைத்தான்.

கூட்டம் காத்திருந்தது. பாண்டுரங்கனின் பென்சிலும் காத்திருந்தது. அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

“நம் வாயைப் பூட்டும் சட்டத்துக்கு நாம் வரி கொடுக்க வேண்டாம்” என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

நல்ல கணீர்க் குரல். கடைசி வரிசை வரை கேட்டது. எதிர்க்கடை வரை போகாதது, அப்போது கடகடத்துப் போன ட்ராமின் புண்ணியம்.

“ஐயா சொன்னதேதான்” என்று கும்பிட்டு மாசிலாமணி உட்கார்ந்துவிட்டான். கைதட்டலில் லாந்தர் ஆடியது.

சோடாவைப் பாதியில் விட்டு ஓடி வந்தார் இன்ஸ்பெக்டர்.

“எதுக்குய்யா இவ்வளவு கைதட்டல்? அவன் என்ன சொன்னான்? படி.”

கெங்கம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பாண்டுரங்கன், ஒரு கோடுகூட இல்லாத வெறும் பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகப் படித்தார்:

“பேச்சாளர் பேச்சை மறந்து உட்கார்ந்தார். ஜனங்கள் சந்தோஷப்பட்டுக் கைதட்டினார்கள்.”