கேபிள் கோளாறு

“ஏம்புள்ள, சும்மா சும்மா கேபிளைப் புடுங்கி மாட்டுனா மெஷின் என்னத்துக்காகும்?”

மீனாட்சிபுரம் பால் சங்கத்து பிரசிடெண்ட் பூபதிராஜா, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான், சங்கத்தில் பால் அளக்கிற ஆனந்தியைத் திட்டினார்.

“நான் தொடவே இல்லீங்க.”

“அப்பறம் மூணு வாரமா அதுவா நிக்குதாக்கு?” பால் ஊற்ற வந்திருந்த மயிலாத்தாள் கேனை ‘ணங்’கென்று கீழே வைத்தாள். “நேத்து என்ர பன்னெண்டு லிட்டரும் திரிஞ்சு போச்சு. அப்படியே சாக்கடைல ஊத்துனேன்.”

ஆனந்தி அந்தக் கேனை எடுத்து வரிசையில் வைத்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அஜய், கஞ்சிக்கோட்டு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஆள். பாலில் கொழுப்புப் பார்க்கும் மெஷினிலிருந்து கேபிள் வழியாக அளவை வாங்கிப் பதிகிற ஜாவா புரோகிராம் அவன் எழுதியதுதான். காலையில் நாலைந்து தடவை சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடுகிறது. மறுபடி கிளப்புவதற்குள் பால் வண்டி போய்விடுகிறது.

கூட்டம் கலைந்ததும் ஆனந்தி ஒரு நோட்டை நீட்டினாள்.

“எல்லாம் எழுதி வெச்சிருக்கறனுங்க சார். அளவு வந்து முடியறதுக்குள்ள அடுத்த ஆளுக்குன்னு பட்டனை அமுக்குனா நிக்குதுங்க. எப்பவும் இல்லீங்க, சில நேரந்தான்.”

தேதி, மணி, நிமிஷம், அப்போது திரையில் தெரிந்தது. ஒன்றுவிடாமல் இருந்தது.

ஜாவா சாகும்போது விட்டுவிட்டுப் போகிற கோப்புகளை அஜய் திறந்தான். எல்லாவற்றிலும் ஒரே இடம்: ஜாவாவுக்கு வெளியே இருந்து கேபிளோடு பேசுகிற நேட்டிவ் லைப்ரரி. நோட்டிலிருந்த நிமிஷங்கள் அச்சாகப் பொருந்தின.

பட்டனை அமுக்கியதும், மெஷினின் அளவை லைப்ரரி படித்துக்கொண்டிருக்கும்போதே கேபிள் மாட்டிய போர்ட்டை மூடச் சொல்லியிருந்தது புரோகிராம். படித்து முடிக்கும்வரை காத்திருக்கும்படிதான் முதலில் எழுதியிருந்தான். வேகம் கூடட்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் அவனேதான் அதை எடுத்துவிட்டிருந்தான்.

மேனேஜர் ரிஜினுக்குப் போன் செய்தான்.

“தப்பு நம்ம பக்கம்னு வாயைத் திறந்துடாதே. இன்னும் பதினொரு சங்கத்துல இதுதான் ஓடுது. முதல்ல உன் வேலைதான் போகும்.”

அஜய்யின் மனைவி ஜீவிதாவுக்கு இது எட்டாம் மாதம்.

அஜய் திருத்தினான். பத்து வரிகூட இல்லை. நாற்பது தடவை பட்டனை அழுத்திப் பார்த்தான். நிற்கவில்லை.

“கண்டுபுடிச்சாச்சுங்களா தம்பி? யாரு பண்ணுன வேலை?” பூபதிராஜா வந்து நின்றார்.

வாசலில் ஆனந்தி கேன் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“கேபிள்தானுங்க. புடுங்கிப் புடுங்கி மாட்டுனதுல லூசாயிருக்குது. மாத்திட்டனுங்க.”

மறுநாளே ஆனந்தியை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

பத்து நாள் கழித்துப் பூபதிராஜா போன் செய்தார். “அந்தப் புள்ள போனதுக்கப்பறம் ஒருக்காக்கூட நிக்கலைங்க தம்பி. நீங்க மட்டும் வரலைன்னா எங்க கதி?”

என்ன ஆனாலும் சரி, ஆனந்தியிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று அடுத்த நாள் காலையில் அஜய் மீனாட்சிபுரத்துக்குப் பைக்கை எடுத்தான்.

ஆனந்தி யாரோ ஒருவரின் தக்காளிக் காட்டில் கூலிக்குப் பறித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வரப்புக்கு ஓடி வந்தாள்.

“நானே உங்களைப் பாக்கோணும்னு இருந்தனுங்க சார். நீங்க சொன்னப்பறந்தான் யோசிச்சுப் பாத்தனுங்க. படிச்சவங்க நீங்க பொய்யா சொல்லப்போறீங்க? கூட்டத்துல எனக்கே தெரியாம கை பட்டிருக்குமாட்ட இருக்குது. அத்தனை பேரு பாலும் என்னாலதான் கெட்டுது. உங்களுக்கும் வீண் அலைச்சல்… மன்னிச்சுக்குங்க சார்.”

அஜய் வாயைத் திறந்தான்.

“பரவாயில்லைங்க” என்றான்.