ஜாமீன் கையெழுத்து

பச்சையப்பன் சரிகைக்கரை வேட்டி கட்டி, நெற்றி நிறையச் சந்தனத்தோடு, தன் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் தேவசுந்தரிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு எரிந்தது.

"நல்லாருக்குதுண்ணா! மலைக்குப் போய் சாமி கும்பிட நேரம் இருக்குது. கச்சேரிக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடத்தான் நேரமில்ல!"

"மொதல்ல உக்காரும்மா" என்று பச்சையப்பன் எழுந்து நின்றார்.

"உக்கார்றதுக்கு வரல. காலையிலேர்ந்து தாலுகா கச்சேரி வாசல்ல வெயில்ல காஞ்சிகினு இருக்கேன். ஜாமீன்காரர் எங்க, எங்கன்னு கேட்டு அந்த ஆபீசருக்கே வாய் வலிச்சுப்போச்சு. சாயங்கால ரயிலுக்கு அவரு சித்தூருக்குப் போயிட்டா என் கதி இன்னா?"

அவளுடைய கதி ஊருக்கே தெரிந்ததுதான். கணவர் எலியாஸ் விட்டுப்போன சோடாக் கடைதான் மலையடிவாரத்தில் அவளுக்கும் மகள் பிரேமகுமாரிக்கும் சோறு போட்டது. அந்தப் பழைய யந்திரத்தில் விரிசல் விழுந்துவிட்டது. காற்று கசிந்து, பாட்டிலில் கோலி நிற்பதில்லை.

கைத்தொழில் இலாகா கடன் கிடைத்தால், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு முன் சென்னையிலிருந்து புது யந்திரம் வந்து இறங்கிவிடும். கிடைக்காவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

கடனுக்கு நிலம் உள்ளவர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். "நான் இருக்கேன்மா" என்று பச்சையப்பன்தான் தானாக முன்வந்தார். நேற்று ஆபீசர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்து, "இந்தம்மா உமக்கு உறவா?" என்று கேட்டார்.

"அண்ணான்னு கூப்பிடும். அவ்ளோதாங்க."

"வாயால் கூப்பிடுவது கணக்கில் வராது. ரத்த உறவோ, பெண் கொண்டு கொடுத்த உறவோ இருந்தால்தான் ஜாமீன் செல்லாது. நாளைக்குப் பட்டாவோடு வந்து கையெழுத்துப் போடும்" என்று சிரித்தார் ஆபீசர்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் தேவசுந்தரி ராத்திரி ஜெபத்தில் பச்சையப்பன் குடும்பத்துக்கும் சேர்த்து ஸ்தோத்திரம் சொன்னாள். இப்போது அதை நினைத்தால் இன்னும் எரிந்தது. வீட்டுக்கு ஓடி அவரைக் கூப்பிட்டுவரக்கூட ஆளில்லை. மகள் பிரேமா விடியலிலேயே ஆர்.கே.பேட்டையில் சிநேகிதி வீட்டுக்கென்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சாத்தியிருந்த உள்ளறைக் கதவை ஒட்டி நின்றிருந்த கோவிந்தம்மாள், கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வாய நனைச்சிக்கோ தேவசுந்தரி. வெயில்ல வந்திருக்கிற."

பாயசம். முந்திரி மிதந்தது.

"ரேஷன் சக்கரையில பாயசமா! என் குடி முழுகிப்போறதுக்கு இந்த வீட்ல விருந்து வேற வெச்சிருக்கீங்களா?" தேவசுந்தரி டம்ளரைத் தள்ளிவிட்டாள். பாயசம் கோவிந்தம்மாளின் புதுப் புடவையில் சிந்தியது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். எதிர்த்து இரண்டு வார்த்தை பேசியிருந்தாலாவது தேவசுந்தரிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"கோவப்படாதம்மா" என்றார் பச்சையப்பன். "என் சிநேகிதன் கோதண்டத்துக்கு ஆள் அனுப்பியிருக்கேன். அவனுக்கும் நிலம் இருக்குது. அவன் வந்து போடுவான்."

"எவனோ போடுவான், நீங்க போடமாட்டீங்க! ஏன், எங்க கையில காசு கொடுத்தா திரும்பி வராதுன்னு யாராச்சும் ஓதிட்டாங்களா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லம்மா. நான் போட்டா செல்லாது."

"ஏன் செல்லாது? நிலத்த வித்துட்டீங்களா?"

"இல்ல."

"அடமானம் வெச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. நேத்துப் போட்டிருந்தா செல்லியிருக்கும்."

"ஒரு ராத்திரியில உங்க கை இன்னா முடமாப் பூடுச்சா?" தேவசுந்தரியின் குரல் தெருக்கோடி வரை போனது. "மனு எழுதிக் கொடுத்தது யாரு? உங்க புள்ள வேணு! அலைஞ்சி திரிஞ்சி ஆபீசர் கால்ல விழாத குறையா நின்னது யாரு? அவன்தான்! 'நைனாவ நான் கூட்டிகினு வர்றேன், நீங்க கவலப்படாதீங்க'ன்னு நேத்துக்கூட கடைக்கு வந்து சொல்லிட்டுப் போனான். பெத்த புள்ள மாதிரி. அவனுக்கு இருக்கிற மனசுல கால்வாசி உங்களுக்கு இல்லியே!"

பச்சையப்பனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாதது போல் உதடு கோணியது. அது அவளுக்கு ஏளனமாகப் பட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கியவள், திரும்பி நின்று விரலை நீட்டினாள்.

"கேட்டுக்குங்க. இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என் பேரு தேவசுந்தரி இல்ல. இன்னியோட உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல!"

பச்சையப்பன் பெருமூச்சு விட்டார். உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"டேய் வேணு, ரெண்டு பேரும் வெளிய வாங்கடா... உன் மாமியார் வந்திருக்காங்க!"