கறுத்த விரல்கள்

அறையில் நான்கு பேர்: தனியார் மருந்தியல் கல்லூரியின் முதல்வர், அவருடைய எழுத்தர், ஒரு மாமியார், ஒரு மருமகள்.

கேள்விகளை மருமகள் கேட்டாள். பாதியில் நின்றால் பணம் திரும்புமா?

திரும்பாது.

போன வருடம் எத்தனை பேர் தேறினார்கள்?

முதல்வர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் மின்விசிறியைப் பார்த்தார்.

"பாதிக்குப் பாதி" என்றார் முதல்வர் கடைசியில்.

மருமகளின் ஆறு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது இந்தப் படிப்புக்கு. சொந்தமாக மருந்துக்கடை வைக்க, வீட்டில் ஒருவருக்காவது பட்டயம் வேண்டும். தப்பான இடத்தில் கொட்டினால் கடை கனவோடு சரி.

நேற்றுப் பார்த்த கல்லூரியில் இரண்டு மடங்கு கட்டணம். எல்லோரும் தேறுகிறார்களாம். ஆய்வகம் கண்ணாடியாய் மின்னியது. அங்கே வாயே திறக்காத மாமியார் வாசல் தாண்டியதும் சொன்னாள்:

"ஒரு பிள்ளை விரல்லயும் கறை இல்லடி. அந்த லேப்ல போட்டோதான் எடுக்கிறாங்க."

மாமியார் மருந்துக்கடை கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் நின்றவள். கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

இங்கே சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஆனால் படியில் எதிரே இறங்கிய பிள்ளைகளின் விரல் நுனிகள் கறுத்திருந்தன. ஆய்வகத்தில் கையாளும் வெள்ளி நைட்ரேட்டின் கறை. சோப்புக்கு மசியாது. மாமியார் அப்போதே மருமகளின் விலாவில் இடித்துவிட்டாள்.

"மருமகளைப் படிக்க வைக்கிற மாமியாரை இப்பதான்மா பாக்கறேன்" என்றார் முதல்வர்.

இருவரும் மறுக்கவில்லை. மாமியாருக்கு மட்டும் இருமல் வந்தது.

பணம் கட்டுமுன் ஒரு செய்முறை வகுப்பில் இருந்து பார்க்கலாமா என்று மருமகள் கேட்டாள். முதல்வர் சம்மதித்தார். ஆய்வகம் பக்கத்து அறைதான். மணி அடித்தபின் வருகிறவர்களுக்கு இடமில்லை, சீக்கிரம் போகட்டும் என்றார்.

எழுத்தர் வெள்ளை அங்கியை மருமகளிடம் நீட்டினார்.

அவள் அதை உதறி மாமியாருக்கு மாட்டிவிட்டாள். நடுப்பொத்தான் எட்டவில்லை.

"சமத்தா இருங்க அத்தை. போன உடனே வாத்தியாருக்குப் பாடம் எடுக்காதீங்க."

"போடி."

முதல்வர் மேசையிலிருந்த விண்ணப்பத்தை அப்போதுதான் எடுத்துப் படித்தார். வயது: ஐம்பத்தொன்று.

மணி அடித்தது. மாமியார் விறுவிறுவென்று பக்கத்து அறைக்குள் நுழைந்தாள். உள்ளே யாரோ கதவைச் சாத்தித் தாழிட்டார்கள்.